கண்ணால் கண்டவரைக் குழப்பாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பட்டப்பகலில் சங்கிலி அறுத்தால், பொலிஸ் வருவதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். "சிவப்பு ஹெல்மெட்தானே போட்டிருந்தவன்?" என்று யாராவது கேட்பார். பறிகொடுத்த அம்மா கொஞ்சம் யோசித்து, "ஓம், சிவப்புத்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்வியில் இருந்த நிறம் நினைவில் ஒட்டிக்கொண்டது.

1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். இரண்டாவது கூட்டம் வேகத்தைக் கூட்டிச் சொன்னது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு அவர்களில் 32 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். முதல் கூட்டத்தில் 14 சதவீதம். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை!

ஆகவே "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். இரண்டு பேர் பார்த்திருந்தால், கலந்து பேசுவதற்கு முன் தனித்தனியே எழுதி வைக்கட்டும்.

அடுத்தது வட்ஸ்அப். "இவன்தானா பாருங்கோ" என்று படம் அனுப்புவது உதவி போலத் தெரியும். உண்மையில் வழக்கையே கெடுக்கக்கூடியது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவுப்படி நீதவான் அடையாள அணிவகுப்பு நடத்தலாம்: சந்தேகநபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வது. அங்கே சாட்சி காட்டுவது வீதியில் கண்ட முகமா, போனில் கண்ட முகமா? அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகநபரை முகத்தை மூடிப் புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவது இதற்காகத்தான், அவருக்கு மரியாதை கொடுக்க அல்ல.

அப்புறம், அடித்துச் சொல்கிறார் என்பதற்காக நம்பிவிடுவது. முறையாக நடந்த முதல் அடையாளம் காட்டலில் இருந்த உறுதிக்குப் பெறுமதி உண்டு. "சரியான ஆளைத்தான் காட்டினீங்கள்" என்று ஒருவர் சொன்ன பிறகு வரும் உறுதி வேறு சாமான். நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கேட்பதில்லை. ஒருவரின் சொல்லிலேயே தீர்ப்பு நிற்கலாம்; அதனால்தான் அவருடைய உறுதி எப்போது வந்தது என்று பார்க்கவேண்டும்.

நேர்மாறான தவறும் உண்டு: சாட்சி சட்டை நிறத்தை மாற்றிச் சொன்னால் எல்லாமே பொய் என்பது. கத்தியைக் கண்டவரின் கண் கத்தியிலேயே நிற்கும். சட்டையை அவர் பார்த்தே இருக்கமாட்டார்.