பிடிபட்ட கப்பலின் தடத்தைத் தேடுவது எப்படி

அப்பா சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "வெள்ளைக்காரன் கட்டின கப்பல், ஜப்பான்காரன் கொடி. அதுலயும் மூட்டை ஏத்தியிருக்கோம்" என்பார், அவ்வளவுதான். அதே துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றபின், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். நான் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கப்பல் பாதி வழியில் காணாமல் போய்விடும், ஏனென்றால் பிடித்தவன் முதலில் மாற்றுவது பெயரைத்தான். ஹௌராக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் யூனியன் ஸ்டீம் ஷிப் கம்பெனிக்குச் சொந்தமான சரக்குக் கப்பல், 7,113 டன். 1922இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி பட்டறை கட்டியது. 1942 ஜூலை 12 அன்று, ஃபிரீமாண்டிலிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் ஹோக்கோக்கு மாரு, ஐக்கோக்கு மாரு என்ற இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் அதை மடக்கின. பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அது ஹோக்கி மாரு.

அதனால் முதலில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய், உலகக் கப்பல்களின் விவரங்களைப் பட்டியலிடும் லாய்ட்ஸ் ரெஜிஸ்டரின் போருக்கு முந்தைய தொகுதி கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டிய ஆண்டு, பட்டறை, டன், நீள அகலம், இன்ஜின் வகை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாறினாலும் இவை மாறுவதில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பேன். 'மாரு' என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ஜப்பானிய வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் முடியும்.

அடுத்தது செய்தித்தாள். தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் சியோனான் (ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்) காலத்துப் பத்திரிகையை வீட்டிலிருந்தே படிக்கலாம். அதில் ஆண்டு 2602 என்று இருந்தால் மிரள வேண்டாம். ஜப்பானிய ஆண்டுக்கணக்கு அது, 660ஐக் கழித்தால் 1942. கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நள்ளிரவை ஒட்டிய சம்பவத்துக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு தேதி இருந்தால், அது பிழை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். போர்க்காலத் தணிக்கையில் கப்பல் செய்திகள் அடங்கிப் போயிருக்கும். அதனால் நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் தளத்தில், ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தவர்கள் ஊர் திரும்பிய 1945 செப்டம்பர், அக்டோபர் இதழ்களையும் தேடுங்கள். கப்பலுக்கு என்ன ஆனது என்பதைவிட அதிலிருந்த மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம்.

குறிப்பு எழுதும்போது, ஆவணம் உள்ளதைப் பேனாவால் எழுதுங்கள், ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவில் பள்ளம் இருந்தால் அப்படியே விடுங்கள். அதைக் கதையால் நிரப்புவது, அங்கே கூலிவேலை பார்த்தவர்களுக்கும் கைதியாகக் கிடந்தவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

முடிவைத் தேடும்போது சரக்கைப் பாருங்கள். கப்பலுக்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்பதைச் சரக்கே சொல்லிவிடும். 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் பசிபிக் கடலில் ஜப்பானியத் தளமாக இருந்த ட்ரக் தீவுகளை அமெரிக்க விமானங்கள் தாக்கியபோது ஹோக்கி மாரு மூழ்கியது. இன்றைக்கும் அங்கே முக்குளிப்பவர்கள் அதன் கிடங்கில் லாரிகளையும் புல்டோசரையும் பார்க்கிறார்கள். தீவுகளில் ராணுவக் கட்டுமானத்துக்குப் போன சாமான் அது.

பிடித்த கப்பல்களுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஹோக்கோக்கு மாரு 1942 நவம்பர் 11 அன்று கொக்கோஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. அதை எதிர்த்து நின்றவை இந்தியக் கடற்படையின் பெங்கால் என்ற சிறு கப்பலும் ஒன்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலும். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐக்கோக்கு மாருவும் அதே ட்ரக் தாக்குதலில்தான் போனது. தான் பிடித்துவந்த கப்பல் கிடக்கும் அதே காயலின் அடியில் அதுவும் கிடக்கிறது.