விமான தூரமும் பயண நேரமும்: கணக்கு எங்கே தவறுகிறது?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். துபாயும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆனால் டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தால் சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரம் போலவும், துபாய்க்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு போலவும் தெரியும். உண்மையில் இரண்டுக்குமே நாலு, நாலரை மணி நேரம்தான்.

புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரத்தின்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரத்தின்படியும் போடப்படுகின்றன. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். திரும்பும்போது எல்லாம் தலைகீழ். சிங்கப்பூரில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை வந்துவிடலாம் என்று தோன்றும். லண்டனுக்கு இன்னும் கவனம் தேவை. குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை.

அடுத்தது, தூரத்தை வேகத்தால் வகுப்பது. 2,900-ஐ 900-ஆல் வகுத்து மூன்றேகால் மணி நேரம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த 900 உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், இறங்க வரிசையில் காத்திருப்பதும்கூட டிக்கெட் நேரத்துக்குள் அடக்கம். அப்புறம், இணையத்தில் காட்டும் தூரம் கடல் மைலிலா கிலோமீட்டரிலா என்றும் பாருங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

போக ஆகும் நேரமே வரவும் ஆகும் என்று நினைப்பதும் சரியில்லை. வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. அதனால் லண்டன் போவதைவிட அங்கிருந்து வருவது பெரும்பாலும் சீக்கிரம். வான்வெளி மூடப்பட்டாலும் நேரம் மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

இவை எல்லாவற்றையும்விடக் காசைக் கரைப்பது நள்ளிரவுத் தேதிக் குழப்பம். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:30 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நிற்பவருக்கு ஃப்ளைட் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அழைத்துவரப் போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். இரவு கிளம்பும் ஃப்ளைட் மறுநாள் காலை இறங்கும். டிக்கெட்டில் சேரும் நேரத்தின் பக்கத்தில் +1 என்று பொடியாகப் போட்டிருப்பார்கள். ஊரில் இருப்பவர்களுக்குத் தகவல் அனுப்பும்போது தேதியோடு கிழமையையும் எழுதி அனுப்புங்கள்.