கரிசலாங்கண்ணியா, வெட்டுக்காயப் பூண்டா?

தானாக முளைத்ததையெல்லாம் பிடுங்காமல் விட்டிருக்கும் தோட்டம் என்றால் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கும், பலர் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கரிசலாங்கண்ணி என்று எண்ணெய் காய்ச்சிவிடுகிறார்கள். முதலில் பூக்காம்பைப் பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டில் நீளமான மெல்லிய காம்பு நிமிர்ந்து நிற்கும், அதன் நுனியில் மூக்குத்தி மாதிரி ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் பெரும்பாலும் ஐந்து வெளிர் இதழ்கள், கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு இதழின் நுனியும் மூன்று பல்லாகப் பிளந்திருக்கும். கரிசலாங்கண்ணிப் பூ குட்டையான காம்போடு இலைக் கக்கத்திலேயே இருக்கும், ஊசி போன்ற வெள்ளை இதழ்கள் நெருக்கமாக, நடுவும் வெள்ளைதான். ஈரம் தங்கும் இடத்தில்தான் நன்றாக வரும்.

அப்படியும் சந்தேகமா? இலையைக் கசக்கிக் கொஞ்ச நேரம் பொறுங்கள், சாறு கறுத்தால் கரிசலாங்கண்ணி. விதையும் காட்டிக்கொடுக்கும்: பூண்டின் விதை பஞ்சோடு பறக்கும், கரிசலாங்கண்ணிக்குப் பஞ்சே கிடையாது.

அப்புறம் மஞ்சள் கரிசலாங்கண்ணி. அலங்காரத்துக்கு வைக்கும் அமெரிக்கப் படர்கொடியும் பூவில் அச்சு அசல் அதேதான், ஆனால் அதன் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், நம்முடையது நீண்ட ஒற்றை இலை. அந்தக் கொடியைத் தொட்டியோடு நிறுத்துங்கள், தரையில் விட்டால் மற்ற எதையும் வளர விடாது. வெட்டுக்காயப் பூண்டை மட்டும் களை என்று பிடுங்காதீர்கள், வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.