சிங்க் ஆகி ஃபைல் எல்லாம் போயிடுச்சா? முதல்ல வைஃபைய ஆஃப் பண்ணுங்க

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அண்ணி போன் பண்ணாங்க, குரலே சரியில்ல. லேப்டாப்புல இடம் பத்தலன்னு க்ளவுட் ஃபோல்டர்ல இருந்த போட்டோ, வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணி வச்சது எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டாங்க, அதான் ஆன்லைன்ல இருக்கேன்னு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா போன்லயும் காணோம். பாப்பா பொறந்த அன்னைக்கு எடுத்த போட்டோவும் அதுலதான் இருந்துச்சு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள எல்லாம் திரும்பக் கிடைச்சிடுச்சு. என்ன பண்ணோம்னு வரிசையா சொல்றேன், பதட்டத்துல இருக்கவங்க மெதுவா படிங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, சிங்க் வேற பேக்கப் வேற. பேக்கப்னா தனியா எடுத்து வைக்கிற நகல், சிங்க்னா லேப்டாப், போன், க்ளவுடு எல்லாத்துலயும் ஒரே மாதிரி வச்சுக்கறது. ஒரு எடத்துல அழிச்சா எல்லா எடத்துலயும் அழிக்கிறதுதான் சிங்கோட வேலையே, அது அதோட வேலைய சரியாத்தான் செஞ்சிருக்கு.

1. சிங்க்க நிறுத்துங்க

டாஸ்க்பார்ல கடிகாரத்துப் பக்கத்துல இருக்க க்ளவுட் ஐகான அமுக்கி பாஸ் (Pause) குடுங்க. மைக்ரோசாஃப்ட்டோட க்ளவுடான ஒன்டிரைவ்ல 2, 8, 24 மணி நேரம்னு கேக்கும், 24 குடுங்க. எங்க இருக்குன்னு தெரியலயா, வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, அது போதும். ஆப்ப அன்இன்ஸ்டால் பண்றது, அக்கவுண்ட சைன் அவுட் பண்றது எல்லாம் இப்ப வேண்டாம், இன்னும் மேல ஏறாத ஃபைல் ஏதாவது உள்ள மாட்டியிருந்தா அதுவும் போயிடலாம்.

வீட்ல பழைய லேப்டாப்போ டேப்லட்டோ கொஞ்ச நாளா ஆன் பண்ணாம கெடக்கா? அது பெரிய அதிர்ஷ்டம். டெலீட் ஆன செய்தி இன்னும் அதுக்குப் போய்ச் சேந்திருக்காது. ரவுட்டர ஆஃப் பண்ணிட்டு அப்புறமா அத ஆன் பண்ணி, வேணுங்கறத பென்டிரைவ்ல காப்பி பண்ணிடுங்க. பச்சை டிக் இருந்தா ஃபைல் நெஜமாவே அந்த மெஷின்ல இருக்கு, வெறும் மேகப் படம் மட்டும் இருந்தா பேர் மட்டும்தான் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல.

2. உண்மையிலயே போயிடுச்சான்னு பாருங்க

ஒன்டிரைவ்ல ஃபோல்டர் பேக்கப்ப (டெஸ்க்டாப் மாதிரி ஃபோல்டர க்ளவுடுல ஏத்தி வைக்கற வசதி) ஆஃப் பண்ணா டெஸ்க்டாப் திடீர்னு காலியா தெரியும், நெறய பேர் பயந்துடுவாங்க. ஃபைல் எங்கயும் போகல, சி டிரைவ்ல யூசர்ஸ், அதுக்குள்ள உங்க பேர்ல இருக்க ஃபோல்டர், அதுக்குள்ள ஒன்டிரைவ், அதுக்குள்ள இன்னொரு டெஸ்க்டாப் ஃபோல்டர் இருக்கும், அங்க பாருங்க.

அப்புறம் எந்த மெயில் ஐடில லாகின் ஆகியிருக்கீங்கன்னு பாருங்க. அண்ணிக்கு ரெண்டு ஐடி. ராத்திரி பூரா தப்பான ஐடில ட்ராஷ் (அழிச்ச ஃபைல் போய் விழற குப்பைத்தொட்டி) பாத்துட்டு அங்கயும் ஒண்ணும் இல்லன்னு அழுதிருக்காங்க.

3. வெப்சைட்ல இருக்க ட்ராஷ்

முக்கியமான எடம் இதுதான். கம்ப்யூட்டர்ல இருக்க ரீசைக்கிள் பின்ன மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, ஆன்லைன்ல மட்டும் இருந்த ஃபைல் அதுக்குள்ள வரவே வராது. பிரவுசர்ல (லேப்டாப்ல வைஃபை ஆஃப்ல இருந்தா போன் பிரவுசர்ல) அந்த க்ளவுடோட சைட்டுக்கே போய் லாகின் பண்ணி அங்க இருக்க ட்ராஷ தெறங்க.

நாள் கணக்கு இருக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க. கூகுள் டிரைவ் 30 நாள், ஒன்டிரைவ் பர்சனல் அக்கவுண்ட் 30 நாள், டிராப்பாக்ஸ் ஃப்ரீ அக்கவுண்ட் 30 நாள், ஐக்ளவுட் டிரைவும் 30 நாள். கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படம்னா 60 நாள் இருக்கும்.

ஆயிரக்கணக்குல ஃபைல் கெடந்தா ஒண்ணொண்ணா தேடாதீங்க, டெலீட் ஆன தேதி வச்சு வரிசைப்படுத்துங்க, ஒரே நேரத்துல போனது எல்லாம் சேந்தாப்புல நிக்கும், மொத்தமா செலக்ட் பண்ணி ரீஸ்டோர் குடுத்தா பழைய ஃபோல்டருக்கே போய் உக்காந்துக்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டறவங்களுக்கு இன்னும் சுலபம், செட்டிங்ஸ்ல ரீஸ்டோர் யுவர் ஒன்டிரைவ்னு ஒண்ணு இருக்கு, கடந்த 30 நாள்ல எந்த நாளுக்கு வேணும்னாலும் மொத்த டிரைவையும் பின்னாடி கொண்டு போகலாம்.

வேற ஒருத்தர் ஷேர் பண்ண ஃபோல்டர்ல இருந்து போயிருந்தா உங்க ட்ராஷ்ல வராம போகலாம், ஓனர்கிட்ட அவங்க ட்ராஷ பாக்கச் சொல்லுங்க.

4. ஃபைல் இருக்கு, உள்ள இருந்தது போச்சுன்னா

பழசு மேல புதுசு சேவ் ஆயிடுச்சுன்னா ட்ராஷ்ல தேடி பிரயோஜனம் இல்ல. அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி வெர்ஷன் ஹிஸ்டரி பாருங்க, கூகுள் டிரைவ்ல மேனேஜ் வெர்ஷன்ஸ்னு இருக்கும். முந்தின காப்பிய டவுன்லோட் பண்ணி வேற பேர்ல வைங்க.

5. எதுவுமே கிடைக்கலன்னா

அப்பதான் ரெக்கவரி சாஃப்ட்வேர், அதாவது டிஸ்க்ல அழிஞ்ச ஃபைல தேடி மீட்கற சாஃப்ட்வேர். ஃபோட்டோரெக் ஃப்ரீ, ரெக்குவாவும் ஃப்ரீயா கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்னா நல்ல வாய்ப்பு உண்டு. இப்ப வர்ற லேப்டாப்புல இருக்க எஸ்எஸ்டி (SSD) டிரைவ்னா வாய்ப்பு ரொம்ப கம்மி, ட்ரிம்னு ஒரு வேலை அழிஞ்ச எடத்த சீக்கிரமே தொடச்சு வச்சிடும். ஃபைல் இருந்த அதே டிரைவ்ல சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணாதீங்க, மீட்ட ஃபைலையும் அங்க வைக்காதீங்க, மிச்சம் இருக்கறது மேலயே எழுதிடும். காசு குடுத்தா நூறு சதவீதம் எடுத்துத் தர்றோம்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

கிடைச்சதும் உடனே சிங்க்க ஆன் பண்ணிடாதீங்க. வெப்சைட்ல இருந்தே எல்லாத்தையும் ஸிப்பா டவுன்லோட் பண்ணி வெளி ஹார்ட் டிஸ்க்ல போட்டு, நாலஞ்சு ஃபைல தெறந்து பாத்துட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. அண்ணி முதல்ல தெறந்தது பாப்பா போட்டோவதான்.