நீரால் கெட்ட தரையை மாற்றும்போது: சிங்கப்பூர் வீடுகளுக்கான வழிகாட்டி

சலவை இயந்திரத்தின் குழாய் கழன்றுவிடும். குளிரூட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். பழைய நீர்சூடேற்றியின் கலன் துருப்பிடித்து ஒழுகும். சில வேளைகளில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்தே நீர் இறங்கும். காரணம் எதுவானாலும், ஈரத்தைத் துடைத்து முடித்ததும் பெரும்பாலோர் புதுத் தரைக்கான மாதிரிகளைப் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். எந்தப் பொருள் தண்ணீரைத் தாங்கும் என்று கேட்டால் எந்தக் கடையிலும் விடை கிடைத்துவிடும். ஆனால், அடுத்த முறை தண்ணீர் வந்தால் அது எங்கே போய்த் தங்கும், தங்கிய நீரை எப்படி வெளியேற்றுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை நம் வீட்டில்தான் இருக்கிறது. அந்த விடை தெரிந்த பிறகு தேர்ந்தெடுக்கும் தரையே நிலைக்கும்.

கசிவு நின்றுவிட்டதா என்பதை உறுதிசெய்வது முதல் வேலை. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தால், சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ ஏதோ ஒரு குழாயில் கசிவு இருக்கிறது என்று பொருள். மீட்டர் அசையாமல் இருந்தும், குளித்த பிறகு மட்டும் குளியலறையை ஒட்டிய படுக்கையறைத் தரையில் ஈரம் படர்ந்தால், டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்க்கசிவுத் தடுப்புப் படலம் பழுதடைந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இந்த நிலையில் படுக்கையறைத் தரையை மட்டும் மாற்றினால் செலவு வீணாகும்; குளியலறையைச் சரிசெய்த பிறகே அங்கு கைவைக்க வேண்டும்.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடைப்பட்ட கான்கிரீட் தளத்தைப் பராமரிப்பது இரு வீட்டாரின் கூட்டுப் பொறுப்பு. கூரைக்கசிவைப் பழுதுபார்க்கக் கழகம் நடத்தும் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில், செலவில் 50 விழுக்காட்டைக் கழகமும், ஆளுக்கு 25 விழுக்காட்டை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஏற்பது வழக்கம். மேலிருந்து வந்த நீரால் உங்கள் தரை கெட்டிருந்தாலும், உங்கள் குளியலறையிலிருந்து கீழே நீர் இறங்கியிருந்தாலும், அந்தப் பழுது முடியும் வரை புதுத் தரைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பழைய தரையை அகற்றுவதற்கு முன் நிறையப் புகைப்படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன பலகையிலோ ஓட்டிலோ ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள். வீவக கடன் வாங்கியவர்கள் கட்டாயமாக எடுக்கும் தீக்காப்புறுதி, கழகம் முதலில் கட்டித்தந்த அமைப்புகளை மட்டுமே காக்கும். நீங்கள் பின்னர் செலவழித்துப் போட்ட தரை அதில் அடங்காது. அதற்கு வீட்டு உடைமைக் காப்புறுதி தனியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டங்களும் குழாய் வெடித்துத் திடீரென்று ஏற்படும் சேதத்தையே பொதுவாக ஏற்கின்றன. மாதக்கணக்கில் மெல்ல ஊறிய கசிவைப் பல நேரங்களில் விலக்கிவிடுகின்றன. ஆகவே சேதம் எப்போது, எப்படித் தொடங்கியது என்பதை அன்றன்றே எழுதி வைப்பது பின்னர் உதவும்.

உலர்த்தும் வேலைக்கு ஒதுக்க வேண்டிய காலம்

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். சன்னல்களைத் திறந்து வைத்தால் தரை தானே காய்ந்துவிடும் என்று நம்புவதற்கு இந்தக் காற்று இடம் தருவதில்லை, வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இன்னும் மோசம். டைல்ஸின் மேற்பரப்பு ஒரே நாளில் காய்ந்துவிட்டாலும், அதன் அடியிலுள்ள சிமெண்டு மணல் அடுக்கு நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருக்கும். குத்தகையாளர்கள் ஸ்கிரீட் என்று குறிப்பிடுவது இந்த அடுக்கைத்தான். கான்கிரீட் 25 மில்லிமீட்டர் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டுமானத் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. ஈரமான காற்றில் இது நீளும்; ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் குறையும். அந்த இயந்திரம் ஓடும்போது சன்னல்களை மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் அது வெளிக்காற்றையே உலர்த்திக்கொண்டிருக்கும். மின்விசிறியைச் சுவரோரமாகத் திருப்பி வையுங்கள். சுவரின் அடியோரம் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைகளைக் கழற்றிவிடுங்கள். ஈரம் அதிக நாள் ஒளிந்திருப்பது அவற்றின் பின்னால்தான். ஈரமான மரத்திலும் அட்டையிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், ஊறிய லேமினேட் பலகைகளையும் அவற்றின் அடியிலுள்ள மெத்துப் படலத்தையும் காப்பாற்ற முயலாமல் உடனே அப்புறப்படுத்துவதே நல்லது.

தரை காய்ந்துவிட்டதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய தரையை எடுத்த பிறகு, 45 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி படிந்திருந்தாலோ, கான்கிரீட்டின் நிறம் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. ஆனால் தாள் வறண்டிருப்பது மட்டும் போதிய சான்றாகாது, ஏனென்றால் ஆழத்தில் ஈரம் எஞ்சியிருக்கலாம். மரமோ வினைலோ போட நினைப்பவர்கள், தளத்தில் சிறு துளையிட்டு உள்ளே ஈரப்பதத்தை அளக்கும் கருவியுடன் வரும்படி குத்தகையாளரைக் கேட்க வேண்டும். அளக்காமல் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, நாளைக்கே வேலையைத் தொடங்கலாம் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இருக்கும் டைல்ஸ் தப்பியதா என்பதை நாணயத்தால் தட்டிப் பார்த்து அறியலாம். வெற்றொலி கேட்கும் இடங்களில் ஓடு அடித்தளத்தோடு ஒட்டவில்லை. அவை நாளடைவில் மேலெழும்பி உடையக்கூடும். அவற்றின்மேல் எந்தத் தரையையும் போடக்கூடாது.

எந்தப் பொருள், எந்த அறைக்கு

போர்சலின் வகை டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. கடைகளில் ஹோமோஜீனியஸ் டைல்ஸ் என்று கேட்டால் இந்த வகையைக் காட்டுவார்கள். சமையலறை, சலவைப் பகுதி, குளியலறை, அவற்றை ஒட்டிய நடைபாதை ஆகிய இடங்களுக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். குளியலறைக்கு மட்டும் வழவழப்பானதைத் தவிர்த்து, வழுக்குத் தடுப்புத் தரம் ஆர்10 அல்லது அதற்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். வீட்டில் மூத்தோர் இருந்தால், அவர்களுக்காக வீட்டைப் பாதுகாப்பாக மாற்றித்தரும் கழகத்தின் ஈஸ் திட்டத்தின்கீழ் குளியலறைத் தரைக்கு வழுக்குத் தடுப்புப் பூச்சும் கைப்பிடிகளும் மானியத்தில் கிடைக்கும். தரையை மாற்றும் வேலையோடு அதையும் சேர்த்துத் திட்டமிடலாம்.

இப்போது மிகுதியாக விற்கப்படுவது எஸ்பிசி வினைல். சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த கெட்டியான நடுப்பகுதி கொண்ட இந்தப் பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை, நல்ல டைல்ஸின் மேலேயே போடலாம், ஓசையும் தூசியும் குறைவு. நீர் புகாது என்று விளம்பரத்தில் சொல்வது பலகையைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சிய நீர், சுவரோர இடைவெளி வழியாகவும் பூட்டுகள் வழியாகவும் கீழே இறங்கிவிடும். இறங்கிய நீர் ஆவியாக வழியின்றிப் பழைய டைல்ஸுக்கும் பலகைக்கும் இடையில் தேங்கி நாற்றம் எடுக்கும். ஆகையால் படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் இது தகுந்தது. அங்கே நீர் புகுந்தால், பலகைகளைக் கழற்றி உலர்த்திவிட்டு மீண்டும் பூட்ட முடியும் என்பது இதன் பெரிய நன்மை. இந்த நன்மை கிடைக்க வேண்டுமானால் பலகைகளைப் பசையால் ஒட்டக்கூடாது. அவற்றின்மேல் உள்ளமைந்த அலமாரியை நிறுத்தவும் கூடாது. அலமாரி முதலில், தரை பின்னர் என்ற வரிசையில் வேலையை நடத்தச் சொல்லுங்கள்.

லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார். ஒருமுறை ஊறினால் ஓரங்கள் உப்பிவிடும். பிறகு எவ்வளவு உலர்த்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஏற்கெனவே நீர்ச்சேதம் கண்ட வீட்டில் மறுபடியும் இதைப் போட வேண்டாம். பழைய வீவக வீடுகளில் உள்ள மரத்துண்டுத் தரையின் நிலை வேறு: கட்டைகள் திடமான மரமாக இருந்தால், பெயர்ந்தவற்றை மட்டும் எடுத்து, மற்றவற்றை நன்றாக உலரவிட்டுத் தேய்த்து மெருகேற்றலாம். அந்தத் தரமான மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பிடுங்கி எறிவதற்கு முன் தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். சலவைக்கல் நீரால் உடைவதில்லை என்றாலும், அடியிலிருந்து ஏறும் ஈரம் அதில் மஞ்சள் கறையாகப் படியும்.

1980களுக்கு முற்பட்ட வீடுகளில், அடியில் பழைய சதுர வினைல் துண்டுகள் இருக்கக் கண்டால் அவற்றைத் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம். அக்காலப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. முதலில் சோதித்தறிய வேண்டும்.

நம் வீடுகளின் பழக்கங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பூசை இடத்தில் குத்துவிளக்கின் எண்ணெய் சிந்தும். மஞ்சளும் குங்குமமும் உதிரும். வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவோர் இன்னும் பலர். சலவைக்கல்லில் மஞ்சளும் எண்ணெயும் ஊறிவிடும்; எலுமிச்சைச் சாறு பட்டால் அதன் மெருகு போய்விடும். வினைலிலும் மஞ்சள் கறை ஒட்டும். கனமான விளக்கின் அடிப்பாகம் தடம் பதிக்கும். தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டுக்கு, பூசை இடத்திலும் வாசலிலும் டைல்ஸும் மற்ற அறைகளில் வினைலுமாகப் பிரித்துப் போடுவதே சரியான முடிவு என்பது என் கருத்து.

உடைப்பதா, மேலே போடுவதா

வீவக வீடுகளில் ஸ்கிரீட்டையும் சேர்த்துத் தரையின் மொத்தத் தடிமன் 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஏற்கெனவே ஒருமுறை மேலே டைல்ஸ் ஒட்டிய வீடாக இருந்தால், மற்றோர் அடுக்குக்கு இடமில்லாமல் போகலாம். கதவுகளையும் பாருங்கள், குறிப்பாகப் பாம் ஷெல்டரின் எஃகுக் கதவை. தரை உயர்ந்து அது முழுமையாகத் திறக்க முடியாமல் போனால், மரக்கதவைப்போல் அடியில் அறுத்துச் சரிசெய்ய இயலாது.

உடைத்து எடுப்பதானால் கழகத்தின் அனுமதியும், கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளரும் தேவை. அனுமதிக்கு அவரே விண்ணப்பிப்பார். இடிக்கும், துளையிடும், ஓடு வெட்டும் வேலைகளை வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம்; சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. புதுக் கட்டடமாக இருந்தால், கட்டி முடித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் உடைக்க அனுமதியில்லை. குளியலறையை உடைக்கும்போது பழைய நீர்த்தடுப்புப் படலமும் போய்விடுகிறது என்பதால், புதுப் படலம் பூசிய பிறகு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், 24 மணி நேரம் நீரைத் தேக்கி வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டுக்கொள்வது மரியாதை. வேலை முடிந்தபின் வரும் சச்சரவையும் அது தவிர்க்கும்.

விலைக்குறிப்பில் அகற்றுதல், உலர்த்துதல், ஈரம் அளத்தல், தளம் சமன் செய்தல், நீர்த்தடுப்பு, ஸ்கர்ட்டிங் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்ற ஒரே வரியை ஏற்காதீர்கள். பணத்தை வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். முன்பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களைத் தேடலாம். தகராறு வந்தால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரையிலானவற்றை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும்.

கடைசியாக, வாங்கும்போதே ஒரு பெட்டி அதிகமாக வாங்கி வையுங்கள். தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று மாறும். ஐந்தாண்டு கழித்து இரண்டு ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுதி எண்ணைப் படமெடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். பெட்டியைச் சலவை இயந்திரத்தின் பக்கத்தில் வைக்காமல், அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.