குளிரில் வறண்ட கால்களைக் கோடைக்கு ஆயத்தப்படுத்தும் முறை

குளிர்காலம் முடியும் தறுவாயில் கறுப்புக் காலுறையைக் கழற்றி உதறினால் மாவு போல வெள்ளைத் துகள் உதிரும்; முன்னங்காலில் நகத்தால் இலேசாகக் கீறினால் சுண்ணாம்புக் கோடு இழுத்தது போலத் தடம் விழும். இதை அழுக்கு என்று எண்ணி, உடம்பு தேய்க்கும் நாரையும் உப்பு ஸ்க்ரப்பையும் கொண்டு சிவக்கச் சிவக்கத் தேய்ப்பவர்கள் பலர். தேய்த்த அன்று கால் வழுவழுப்பாகத் தெரியும். இரண்டே நாளில் முன்னிலும் மோசமாக வெடித்து அரிக்கத் தொடங்கும்.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து போல நிறைந்து உள்ளிருக்கும் நீரைக் காக்கின்றன. வறண்ட குளிர்காற்றும் கொதிக்கும் வெந்நீரும் அந்தச் சாந்தைக் குலைத்துவிடுகின்றன. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு என்பதால் உடம்பில் முதலில் காய்வது அந்தப் பகுதியே. ஆகவே முதலில் சாந்தைச் சீராக்க வேண்டும். இறந்த செல்களை உரிப்பதும் முடியை மழிப்பதும் பின்னர்தான். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும் என்பதால், கோடைக்கு ஆறு வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது.

முதல் இரண்டு வாரங்களில் வேறு எந்த அழகுச் சிகிச்சையும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடங்களுக்குள் குளித்து, கால்களுக்கு மணமற்ற மென்மையான சோப்பை மட்டும் பயன்படுத்தி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள், அதாவது மூன்று நிமிடங்களுக்குள், கிரீமைத் தடவிவிட வேண்டும். நீர்த்த லோஷனைவிடக் கெட்டியான கிரீமே இங்கே பயன் தரும். கிளிசரினும், தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் யூரியா 5 முதல் 10 சதவீதமும் கலந்தது சிறப்பு. தோல் வெடித்திருந்தால் யூரியா சுள்ளென்று எரியும். வெடிப்பு மூடும்வரை சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும். விலை உயர்ந்த குப்பிகளைவிட அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அரிப்பும் எரிச்சலும் அடங்கிய பின்னரே உரித்தலைத் தொடங்கலாம். கரடுமுரடான துகள்களால் தேய்ப்பதைவிட, லாக்டிக் அமிலமோ கிளைகாலிக் அமிலமோ கலந்த லோஷனை வாரத்துக்கு இரண்டு இரவுகள் பூசுவது பாதுகாப்பானது. முதலில் கணுக்காலருகே சிறிய இடத்தில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். தொடையில் கோழித்தோல் போலப் புடைத்திருக்கும் புள்ளிகள் இதனால் மிருதுவாகும். ஆனால் நிறுத்தினால் மீண்டும் தோன்றக்கூடும். இவ்வமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்குகின்றன. ஆகவே பூசும் நாட்களிலும் நிறுத்திய பின் ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

பித்தவெடிப்பு உள்ள குதிகாலுக்குச் சற்று வலுவான மருந்து வேண்டும். இரவில் கால்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, 20 சதவீதத்துக்கு மேல் யூரியா உள்ள கிரீமைப் பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். பிளேடால் சீவுவதை எந்த அழகு நிலையத்திலும் அனுமதிக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் ஊறவைப்பதையும் கல்லையும் தவிர்த்து, மருத்துவரிடம் காட்டுவதே முறை.

முடி அகற்றுவதில் காலக்கணக்கு முக்கியம். வாக்சிங்குக்கு முடி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பே அமிலப் பூச்சையும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீமையும் நிறுத்தாவிட்டால் மெழுகோடு தோலும் உரிந்து வரக்கூடும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்களுக்கு வாக்சிங் ஆகாது. லேசர் செய்துகொள்ள விரும்புவோர் குளிர்காலத் தொடக்கத்திலேயே கிளம்பியிருக்க வேண்டும். ஏனெனில் சில வார இடைவெளியில் ஆறு அமர்வுகளாவது தேவைப்படும், அதற்கு இடையில் மழிக்கலாமே தவிர வேரோடு பிடுங்கக் கூடாது. லேசர் முடியின் கருமையைத் தேடிச் செல்வதால் நரைமுடியில் பலிக்காது. கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்னும் லேசர் கருவியே மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது என்பதால், எந்தக் கருவி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நிலையங்களில் அமிலம் பூசித் தோலை உரிக்கும் வீரியமான கெமிக்கல் பீல், கால்களில் முகத்தைவிட மெதுவாகவே ஆறும். நம்மில் பலரைப் போன்ற மாநிறத் தோலில் காயம்பட்ட இடம் மாதக்கணக்கில் கருத்தே நிற்கும். தோல் மருத்துவரின் மேற்பார்வையின்றி அதைச் செய்துகொள்வதை நான் ஆதரிப்பதில்லை. நூல் நூலாகத் தெரியும் நீல நரம்புகளுக்கு ஊசி போடுவதும் அவ்வாறே. ஊசி பட்ட தடம் மங்கப் பல வாரங்கள் ஆகும், சில காலம் இறுக்கமான காலுறை அணிய வேண்டியிருக்கும்.

வெயில் வந்ததும் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன் தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பெரும்பாலோர் மறக்கும் இடங்கள் இரண்டு: முழங்காலின் பின்மடிப்பும், செருப்பு வாருக்கு வெளியே தெரியும் புறங்காலும்.