மும்பைப் படகில் வி.எச்.எஃப். வானொலியைப் பொருத்துதலும் பேசுதலும்

மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம் படகுகளுக்கு மராமத்துக் காலமாகவும் இருப்பதால், சசூன் டாக், வெர்சோவா, மட் போன்ற இடங்களில் உள்ள விசைப்படகுகளில், மற்றப் படகுகளுடனும் கரையுடனும் பேச உதவும் வி.எச்.எஃப். வானொலி பொருத்துவதற்கு அதுவே ஏற்ற பொழுது. குமரி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே படகோட்டித் தொழில் செய்யும் ஸ்ராங்குகளையும், இங்கேயே படகு வைத்திருக்கும் தமிழர்களையும் மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது. செட்டை வாங்கும்போது எவ்வளவோ பேரம் பேசும் நாம், ஆன்டெனாவையும் அதற்குச் செல்லும் கேபிளையும் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கி வந்துவிடுகிறோம். பேச்சு எவ்வளவு தொலைவு போகும் என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டுமே தீர்மானிக்கின்றன.

முதலில் சட்டம். படகில் இத்தகைய வானொலியை வைத்துப் பேச, மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் உரிமம் வேண்டும். வாங்கும் செட் இந்தியாவில் அனுமதி பெற்ற வகையா என்பதைக் கடையிலேயே கேட்டு, ரசீதில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். பொத்தானை அழுத்தினாலே அபாய அழைப்பை அனுப்பும் டி.எஸ்.சி. வசதியுள்ள செட்டானால் எம்.எம்.எஸ்.ஐ. என்னும் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் தேவைப்படும். இந்தியக் கலங்களுக்கு அது 419 என்று தொடங்கும். பல செட்டுகளில் இந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் பதிக்க முடியாது என்பதால், கற்பனை எண் எதையும் போட்டுப் பார்க்கக் கூடாது.

கடல்சார் வி.எச்.எஃப். அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. கடற்பரப்பு வளைந்து மறையும் இடத்தைச் சற்றே தாண்டியதும் அவை நின்றுவிடும். ஆகவே தொலைவைக் கணக்கிட, ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். எதிர்முனைக்கும் அவ்வாறே கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கொண்ட இரு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரையே பேசிக்கொள்ள முடியும். அதே படகு, கரையில் 100 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கொண்ட நிலையத்துடன் 49 கிலோமீட்டர் வரை பேசலாம். அடிவானம் குறுக்கிட்டபின் 25 வாட் செட்டும் 5 வாட் கைச்செட்டும் ஒன்றுதான். வாட்டைக் கூட்டுவதற்குச் செலவிடும் பணத்தை ஆன்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்துவதில் செலவிடுவது மேல்.

ஆன்டெனாவை வீல்ஹவுஸ் கூரையின் மேலோ பாய்மரத்தின் உச்சியிலோ செங்குத்தாக, வேறு ஆன்டெனாக்களிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, ராடார் இருந்தால் அதன் வீச்சுக்குள் வராதபடி நிறுத்துங்கள். கார்களுக்கான ஆன்டெனா மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். அது தன் அடியில் உலோகத் தகட்டை எதிர்பார்ப்பது, மரப்படகிலும் ஃபைபர் படகிலும் அது சரியாக வேலை செய்யாது. படகுக்கென்றே செய்த அரையலை ஆன்டெனாவுக்குத் தகடு தேவையில்லை. 3, 6, 9 டெசிபெல் என்று பெருக்கம் குறித்து விற்கப்படுவனவற்றில் 9 பெரிதாகத் தோன்றினாலும், அது அலையை மிக மெல்லிய தட்டாக விரிப்பதால், ஆட்டம் மிகுந்த சிறு படகில் ஒருமுறை வானத்தையும் மறுமுறை தண்ணீரையும் நோக்கிப் பேசிக்கொண்டிருக்கும். நடுத்தர விசைப்படகுக்கு 6, சிறு படகுக்கு 3 போதும்.

கேபிளில்தான் சிக்கனம் மிகுதியாகச் செய்யப்படுகிறது. ஆர்.ஜி.-58 என்னும் மெல்லிய கேபிளில் 10 மீட்டர் ஓடினால் அனுப்பும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிவிடும். விரல் பருமனுள்ள ஆர்.ஜி.-213-இல் அதே தொலைவுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழப்பு இருக்கும். இரண்டுமே 50 ஓம் கேபிள்கள். தொலைக்காட்சிக்கு இழுக்கும் 75 ஓம் கேபிளை இங்கே பயன்படுத்தக் கூடாது. கேபிளைக் கூர்மையாக மடிக்காமலும், இயந்திரத்தின் வெப்பக் குழாய்க்கு அருகில் செல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் கேபிள் வழியே உள்ளே வராமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

இருமுனைகளிலும் பி.எல்.-259 இணைப்பைச் சால்டர் செய்ய வேண்டும். தடைக்காலம் மும்பையின் மழைக்காலமாகவும் இருப்பதால் இந்த வேலையைக் கேபினுக்குள்ளேயோ கூரையின் கீழோ வைத்துக்கொள்ளுங்கள். சால்டர் செய்யும்போது ஈரம் அகப்பட்டுக்கொண்டால், ஓரிரு மாதங்களில் செம்பு பச்சை பூத்துப் பேச்சு மங்கத் தொடங்கும், ஆனால் வெளியே பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆன்டெனாவில் மாட்டுவதற்கு முன்னரே மல்டிமீட்டரால் நடுக்கம்பிக்கும் மேற்பின்னலுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். மாட்டிய பிறகு சோதித்தால் குழப்பமே மிஞ்சும், ஏனெனில் சில ஆன்டெனாக்களின் அமைப்பே அவ்விரண்டையும் இணைத்திருக்கும். வெளியே உள்ள இணைப்பின் மேல் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண மின் நாடா உப்புக்காற்றில் சில வாரங்கள்கூடத் தாங்காது.

மின்சாரத்துக்கு வருவோம். 25 வாட்டில் பேசும்போது செட் 12 வோல்ட்டில் 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவே. பேட்டரியிலிருந்து செட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும், தொலைவு ஐந்து மீட்டருக்கு மேற்பட்டால் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் போட்டு, பேட்டரி முனைக்கு அருகிலேயே செட்டின் கையேடு குறிப்பிடும் ஃபியூஸை வையுங்கள். உங்கள் படகில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறீர்கள் என்றால், அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அந்தப் பேட்டரி மட்டும் தேய, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற, இரண்டுமே சீக்கிரம் கெடும். 24-இலிருந்து 12-ஆக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றைப் போடுவதே முறை. வெள்ளம் ஏறினால் முதலில் மூழ்குவது இயந்திர அறை பேட்டரி என்பதால், முடிந்தால் வானொலிக்குத் தனியாகச் சிறு பேட்டரி ஒன்றை மேல்தளத்தில் வைக்கலாம்.

செட்டை, ஸ்ராங்கு சுக்கானை விடாமலே எட்டி எடுக்கும் இடத்தில், திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் பொருத்துங்கள். ஒலிபெருக்கியிலும் மைக்கிலும் காந்தம் உண்டு. ஆன்டெனா இணைக்கப்படாமல் மைக்கின் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள். எல்லாம் முடிந்தபின், ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இடையில் மாட்டிப் பார்த்தால் அளவு 1.5-க்குள் இருக்க வேண்டும், 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 3-ஐத் தொட்டால் இணைப்புகளைத் திரும்பப் பிரியுங்கள். செட்டின் மெனுவில் சானல் வரிசை சர்வதேச முறையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்க வரிசையில் சில சானல்கள் வேறு அலைவரிசையில் இருப்பதால் எதிரில் உள்ளவருக்கு உங்கள் குரல் கேட்காமலே போகலாம்.

பேசும் முறை சுருக்கமானது. ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நிற்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். இரைச்சல் எரிச்சலூட்டுகிறதென்று மேலும் திருப்பினால் தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல்களும் சேர்ந்து அடைபட்டுவிடும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்து, மைக்கை வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, கத்தாமல் பேசுங்கள். துறைமுகத்துக்குள் 1 வாட் போதும். சானல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அழைப்பதற்கும் ஆபத்துக்கும் உரியது. நண்பரின் படகை அதில் அழைத்தபின் 06 அல்லது 72 போன்ற படகுக்குப் படகு சானலுக்கு மாறி, மீன்பாட்டையும் டீசல் கணக்கையும் அங்கே தமிழில் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். 16-இல் அரட்டை ஓடும்போது ஆபத்திலிருப்பவர் குறுக்கே நுழைய வழியில்லை. இதை அறிந்தும் செய்பவர்கள் உண்டு, அவர்களை அதே சானலில் திட்டுவதும் அதே தவறுதான்.

உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டுமே ‘மேடே’ என்னும் அபாய அழைப்பு. இயந்திரம் நின்று, படகு மிதக்கிறது, கரையில் மோதும் அச்சமில்லை என்றால் ‘பான் பான்’ என்னும் அவசர அழைப்பு. டி.எஸ்.சி. செட்டில் சிவப்பு மூடியைத் திறந்து உள்ளிருக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் சானல் 70 வழியே அபாய அழைப்பு தானே போகும். செட்டில் ஜி.பி.எஸ். இணைந்திருந்தால்தான் படகின் இடமும் கூடவே செல்லும், ஆகவே அந்த இணைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பிறகு 16-இல் வாயால் சொல்ல வேண்டும். கேட்பவர் கடலோரக் காவல்படையாகவோ வெளிநாட்டுச் சரக்குக் கப்பலாகவோ இருக்கக்கூடும் என்பதால் இதை ஆங்கிலத்தில் சொல்வதே பாதுகாப்பு. பதற்றத்தில் சொற்கள் வராது, எனவே கீழ்க்கண்டவாறு தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிச் செட்டுக்கு அருகே ஒட்டுங்கள். இடத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் மட்டும் வெற்றிடம் விட்டால் போதும்.

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் ஃபிஷிங் போட் கடல் ராணி, கடல் ராணி, கடல் ராணி. மேடே, கடல் ராணி. பொசிஷன் ஒன் எய்ட் டிகிரீஸ் ஃபைவ் த்ரீ மினிட்ஸ் நார்த், ஸீரோ செவன் டூ டிகிரீஸ் த்ரீ ஃபைவ் மினிட்ஸ் ஈஸ்ட். ஒன் டூ மைல்ஸ் வெஸ்ட் ஆஃப் பிராங்ஸ் லைட்ஹவுஸ். வீ ஆர் சிங்கிங். நீட் இமிடியட் ஹெல்ப். நைன் பெர்சன்ஸ் ஆன் போர்ட். ஓவர்.”

எம்.எம்.எஸ்.ஐ. எண் இருந்தால் படகின் பெயரை அடுத்து அதையும் சொல்லுங்கள். ஓவர் சொன்னபின் பொத்தானை விட்டுக் கேளுங்கள், பதில் இல்லையேல் திரும்பச் சொல்லுங்கள். படகின் தலைவரான தாண்டேல் மட்டுமல்லாமல் வேலையாட்களான கலாசிகள் எல்லோரும் இந்த அட்டையை வாய்விட்டுப் படித்துப் பழகியிருக்க வேண்டும், ஏனெனில் கடலில் விழுந்தவர் தாண்டேலாகவே இருக்கலாம். சிவப்புப் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டுவிட்டால் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். முதலில் செட்டில் அந்த அழைப்பை நிறுத்திவிட்டு, 16-இல் படகின் பெயரைச் சொல்லி, அழைப்பை ரத்து செய்வதாக அறிவியுங்கள். மும்பையின் கடல்மீட்பு ஒருங்கிணைப்பு மையம் தேடுதலைத் தொடங்கியிருக்கக்கூடும். கைபேசி எட்டும் தொலைவில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலும் சொல்லலாம்.

கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டரில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலின் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்கள் மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். அங்கிருந்து உங்கள் வி.எச்.எஃப். கரையை எட்டாது. அருகில் ஓடும் கப்பல்கள் 16-இல் கேட்டுச் செய்தியைக் கடத்தினால் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த குமரிப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவ்வளவு தொலைவு போகும் படகில் இஸ்ரோ உருவாக்கிய டி.ஏ.டி. போன்ற செயற்கைக்கோள் அபாயக் கருவியும் இருக்க வேண்டும். அரசின் அனுமதியற்ற சாட்டிலைட் ஃபோனை மட்டும் படகில் ஏற்றாதீர்கள், அதற்காகவே வழக்கில் சிக்க நேரும். தண்ணீர் புகாத 5 வாட் கைச்செட் ஒன்றை முழுச் சார்ஜுடன் உயிர்காப்புச் சட்டைகள் உள்ள பெட்டியிலேயே வைத்து, ஒவ்வொரு முறையும் கரை திரும்பியதும் அதன் பேட்டரியைப் பாருங்கள்.